துணைக்கு ஒருத்தி



கரண்ட் போன ராத்திரியில் கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் தம்பியை எழுப்புவேன். "துணைக்கு வாடா." எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. பயம் என்னைவிட அவனுக்குத்தான் அதிகம். பாம்பு வந்தால் அவன் அடிக்கப்போவதில்லை. திருடன் வந்தால் எனக்கு முன்னால் ஓடிவிடுவான். ஆனாலும் கிணற்றடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு சின்ன உருவம் நிற்கிறது என்று தெரிந்தால் போதும், இருட்டு பாதியாகிவிடும்.

இந்தத் 'துணை' என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் வைத்திருக்கிறோம் பாருங்கள். வழித்துணை, பேச்சுத்துணை. ஆஸ்பத்திரியில் ராத்தங்க ஒருவர், துணைக்கு. பெண் பார்த்துவிட்டு வர இன்னொருவர், துணைக்கு. பெரிதாக எதுவும் செய்யச் சொல்லி யாரும் இவர்களைக் கூப்பிடுவதில்லை. கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று மாதமாக இந்தச் சொல் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என் அக்கா மகள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். 2022 நவம்பரில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனைக்கு நர்ஸாகப் போனாள். போன நான்காம் நாள் எனக்குப் போன்.

"சித்தி, பாக்குறதுக்கு நான் சீக்காளி மாதிரியா இருக்கேன்? வார்டுல நுழைஞ்சதுலருந்து ஆளாளுக்கு 'ஆர் யூ ஆல்ரைட்?'னு கேக்குறாங்க. நானும் நின்னு, நல்லா இருக்கேன், லேசா தலைவலி, தூக்கம் சரியில்லைன்னு பதில் சொல்றேன். பாதி பதிலிலேயே போயிடுறாங்க."

நம் ஊரில் "சாப்டாச்சா?" என்று கேட்கிறோமே, அதைப் போலத்தான் அதுவும் என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. அதை அவளுக்குச் சொன்னவள் வேறொருத்தி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

முதலில் அந்த மருத்துவமனைக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பினார்கள். தங்க அறை, போர்வை, ஒரு வாரத்துக்கு மளிகை எல்லாம் தயாராக இருந்தது. பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. வெளிநாட்டில் படித்த நர்ஸ் பிரிட்டனில் பதிவு பெற, ஊரிலிருந்தே ஆங்கிலத் தேர்வையும் கம்ப்யூட்டர் தேர்வையும் எழுதியிருக்க வேண்டும். அங்கே போனபிறகு 'ஆஸ்கி' என்ற செய்முறைத் தேர்வு. அவள் போனபோது நார்த்தாம்டன், ஆக்ஸ்ஃபோர்டு, லீட்ஸ், நியூகாசில், வட அயர்லாந்தின் அல்ஸ்டர் என்று மொத்தம் ஐந்து இடங்களில்தான் அதை நடத்தினார்கள். பத்து நிலையங்கள். ஒன்றில் நோயாளி வேஷம் போட்ட நடிகர் படுத்திருப்பார், இன்னொன்றில் பொம்மை. வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முதல் தடவை போய்விட வேண்டும். வாய்ப்பு மூன்று. தேறினால்தான் பதிவு எண் வரும், 'பின் நம்பர்' என்பார்கள். அது வரும்வரை, எட்டு வருஷ ஐ.சி.யூ. அனுபவம் இருந்தாலும் அவள் அங்கே நர்ஸ் கிடையாது. உடுப்பு வேறு, சம்பளம் ஒரு படி கீழே. தேறாமலே போனால் விசாவுக்கும் ஆபத்து.

அப்படிப்பட்ட ஒருத்திக்கு மேலதிகாரியிடம் போய், "இந்த ஹீட்டரை எப்படிப் போடுவது?" என்று கேட்க வாய் வருமா? அந்த அம்மாள் தங்கமான மனுஷியாகவே இருக்கட்டும். "எப்போது வேண்டுமானாலும் கேள்" என்று சொல்லியும் இருக்கட்டும். நம்மை எடைபோடும் இடத்தில் இருப்பவரிடம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் ஒரு மதிப்பெண் குறைவதுபோலத்தான் தோன்றும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்திருக்கிறாள். நாலு நாள் ரொட்டி தின்ற நாக்கு. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டதுதான் தாமதம், கட்டடம் முழுக்க அபாயமணி. மூன்று மாடி ஆட்களும் ராத்திரி உடையோடு வாசலில், குளிரில். நைட் டியூட்டி முடித்துவிட்டுப் படுத்தவர்கள் வேறு. தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. வந்தவர்கள் ஒரு சொல் கடிந்து பேசவில்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றாள்.

அன்று ராத்திரி கதவைத் தட்டிக்கொண்டு வந்தவள்தான் அந்தப் பிலிப்பைன்ஸ்காரப் பெண். என் அக்கா மகளைவிட மூன்று வயது இளையவள், பதினான்கு மாதம் முன்னால் வந்தவள். வந்ததும் "ஆத்தே" என்றாளாம். மதுரைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. நாம் திகைத்துப்போனால் சொல்கிற வார்த்தையை இவள் எங்கே பிடித்தாள் என்று. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் மொழியில் அதற்கு அக்கா என்று பொருள்.

"ஆத்தே, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளிக்கணும். உள்ளே இருப்பது சூட்டைப் பார்க்கிற கருவி. புகையைப் பார்க்கிற கருவி வராந்தாவில் இருக்கிறது. கதவு திறந்திருந்தால்தான் வம்பு. நான் கருவாடு வறுத்து இரண்டு தடவை வண்டியை வரவழைத்தவள்."

அந்தக் கடைசி வரியை எந்தத் துறையாலும் எந்தக் கையேட்டாலும் சொல்ல முடியாது. கதவைச் சாத்தச் சொல்லும் தகவலை ஒரு அட்டையில் அச்சடித்து அடுப்புக்கு மேலே ஒட்டிவிடலாம். "நான் இரண்டு தடவை" என்பதை ஒட்ட முடியுமா?

அப்புறம் அவள் சொல்லித் தந்தவை கொஞ்சநஞ்சமல்ல. சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும், முகவரிச் சான்றுக்கு வேறொன்று வேண்டும் என்கிற வட்டத்தை எந்த இடத்தில் வெட்டுவது. குளியலறையில் தொங்கும் இரண்டு கயிறுகளில் எது விளக்குக்கு, எது ஆபத்துக்கு. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற மாதங்களில் விடுமுறை நாளென்றாலும் மதியத்துக்குள் ஒருதரம் வெளியே நடந்துவிட்டு வருவது. அக்டோபர் கடைசி ஞாயிறு நைட் டியூட்டி விழுந்தால் ஜாக்கிரதை, கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால் ஒரு மணி இரண்டு தடவை வரும் என்பது. வயதான பாட்டி 'ஒரு பென்னி செலவழிக்கணும்' என்றால் கடைக்குப் போகக் கேட்கவில்லை, பாத்ரூமுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாள் என்பது.

"சிஸ்டர்" என்ற சொல்லையும் அவள்தான் அவிழ்த்துவிட்டாள். நம்மூரில் வெள்ளுடுப்புப் போட்ட யாரும் சிஸ்டர்தான். அங்கே சிஸ்டர் என்பது ஒரு பதவி, வார்டின் பொறுப்பாளி. எல்லோரையும் சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டு இவள் பலருக்கு இலவசமாகப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறாள். பெரிய டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதுதான் இவளுக்குக் கடைசிவரை நாக்கில் வரவில்லை. பெயரைச் சொல்லி, மூச்சுக்குள் ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வாளாம்.

ஆனால் இதெல்லாம் மேல் தோல். உள்ளே குத்தியது வேறு.

இரண்டாம் வாரம். ஒரு பெரியவருக்கு ஊசிக்குழாய் ஏற்ற வேண்டும். வென்ஃப்ளான் என்று நம் ஆஸ்பத்திரிகளில் சொல்வோமே, அதுதான். ஒரு சின்னப் பெண் நரம்பு கிடைக்காமல் திணறிக்கொண்டிருக்கிறாள். இவளுக்கோ தூரத்திலிருந்தே நரம்பு தெரிகிறது. மதுரையில் ஒரு டியூட்டிக்குப் பத்துப் பதினைந்து போட்ட கை. நீட்டிவிட்டாள். "வேண்டாம், உனக்கு இன்னும் அனுமதி இல்லை" என்று தடுத்துவிட்டார்கள். தடுத்தது சரிதான். அந்த மருத்துவமனையின் பயிற்சியை முடித்து, அங்கே ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் செய்யலாம் என்பது அவர்கள் விதி. பதிலுக்கு அவளுக்குக் கிடைத்த வேலை, பக்கத்துப் படுக்கைக்காரரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுவது. இங்கே அந்த வேலையை நோயாளியின் சொந்தக்காரர்கள் செய்வார்கள், அல்லது ஆயாம்மா. அங்கே சொந்தக்காரர்கள் பார்வை நேரத்துக்கு வந்து போகிறவர்கள். உடம்பு துடைப்பது நர்ஸின் வேலையில் ஒரு பாதி.

பெட்பேன் கழுவும் அறையில் நின்று அழுதிருக்கிறாள். "எட்டு வருஷத்தை ஏர்போர்ட்டுல பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க சித்தி" என்றாள் அன்று ராத்திரி. அக்காவிடம் சொல்லாதே என்றும் சொன்னாள்.

அவளைத் தேற்ற நானும் ஏதேதோ பேசினேன். "எல்லாம் சரியாயிடும்" என்பதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. பிலிப்பைன்ஸ்காரி தேற்றவே இல்லையாம். "நான் ரியாத்தில் மூன்று வருஷம் ஐ.சி.யூ. பார்த்தேன். இங்கே முதல் மூன்று மாதம் நகம் வெட்டிவிட்டேன். ஆனால் ஒன்று, நகம் வெட்டும்போது பேசுகிற நோயாளி, ஊசி போடும்போது பேசமாட்டார். என் ஆங்கிலம் வளர்ந்தது அங்கேதான்" என்றாளாம். சொல்லிவிட்டு அந்தப் பயிற்சிக்கு எங்கே பெயர் கொடுக்க வேண்டும், எந்தத் தேதிக்கு இடம் சீக்கிரம் நிரம்பும் என்பதைத் தாளில் எழுதித் தந்திருக்கிறாள். துக்கத்துக்கு மருந்தாக ஒரு தேதி! இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 1997-ல் நான் சிங்கப்பூரில் ஓர் அச்சுக்கூட அலுவலகத்துக்கு வேலைக்குப் போனேன். முதல் நாளே ஒரு தடித்த கையேட்டைக் கையில் கொடுத்தார்கள். தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது, நகலெடுக்கும் எந்திரம் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது எல்லாம் அதில் இருந்தது. மதியம் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடமில்லை. ஒரு மேசை மட்டும் காலி, அதன்மேல் யாரோ மறந்துபோன ஒரு டிஷ்யூ பாக்கெட். உட்கார்ந்தேன். தட்டோடு வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் அந்த இடத்துக்குத் துண்டு போட்டாயிற்று என்று அர்த்தம். பஸ்ஸில் துண்டு போடும் ஊரிலிருந்து போன எனக்கு அது புரிந்திருக்க வேண்டும்தான். புரியவில்லை. அடுத்த மூன்று வாரம் அலுவலகப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், அவரவருக்கு அவரவர் வேலை.

நான்காம் வாரம் பக்கம் கட்டுகிற பிரிவிலிருந்த ஒரு பெரியவர், "வாம்மா, டீ குடிக்கலாம்" என்று கூட்டிப்போனார். 'தே' என்றால் கெட்டிப்பால் டீ, 'தே ஓ' என்றால் பால் இல்லாதது, 'தே சி' என்றால் இன்னொரு வகைப் பால், 'கோசோங்' என்று சேர்த்தால் சர்க்கரை கிடையாது என்று நாலு வார்த்தை கற்றுக்கொடுத்தார். மறுநாள் நானே போய் "தே ஓ கோசோங்" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். நிமிர்ந்து பார்க்காதது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்தது என்பது, வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த யாருக்கும் புரியும்.

அந்தப் பெரியவர்தான் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளைப் பற்றியும் சொன்னார். வட்டித்தொழில் செய்த நகரத்தார் கடல் கடந்து போன இடங்களில் இருந்த கூட்டுக்கூடம் அது. நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் அதுவே கடை, ராத்திரி அதுவே படுக்கை. சமையலுக்குப் பொதுவில் ஓர் ஆள். ஊரிலிருந்து ஒரு பையன் கப்பலேறி வந்தால் நேரே அங்கேதான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு ஏஜெண்டு. பொதுவாக மூன்று வருஷத் தவணை. பக்கத்துப் பெட்டிக்காரர் போட்டிக் கடைக்காரர்தான், ஆனாலும் புதுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி அவர் வைப்பார். மலாய் மொழியில் கூட்டல் கழித்தல் சொல்லித் தருவதும் அவரே. அந்தக் கட்டடங்கள் நகரச் சீரமைப்பில் போய்விட்டன. நான் அதை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். ஒரு சாதிக்காரர்களுக்குள், ஆண்களுக்குள் மட்டும் நடந்த ஏற்பாடு அது. வெளியாளுக்கு அங்கே பாய் கிடையாது. ஆனால் புதிதாக வருபவனை முதலாளி கையில் விடாமல் பக்கத்துப் பெட்டிக்காரன் கையில் விடவேண்டும் என்கிற சூட்சுமம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்து மருத்துவமனைகளும் இதை இப்போது ஓரளவு புரிந்துகொண்டிருக்கின்றன. வெளிநாட்டு நர்ஸ்களை வரவேற்றுக் கவனித்துக்கொள்ளும் மருத்துவமனைகளுக்கென்று 2022-ல் ஒரு தரச்சான்றே கொண்டுவந்தார்கள். புதியவருக்கு ஒரு 'படி', அதாவது தோழர், ஒதுக்கச் சொல்கிறார்கள். (அந்த ஆங்கில வார்த்தையை நம்மவர்கள் அழுத்தி உச்சரித்தால் வார்டிலிருக்கும் மலையாளப் பெண்கள் சிரிக்கிறார்களாம். அவர்கள் மொழியில் பட்டி என்றால் நாய்.) அந்த நாட்டுக்கு இது தாமதமாக வந்த ஞானம் என்றே சொல்வேன். கரீபியன் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் விண்ட்ரஷ் கப்பலிலிருந்து டில்பரி துறைமுகத்தில் இறங்கியது 1948 ஜூன் 22. தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது ஜூலை 5. பதின்மூன்றே நாள் இடைவெளி. பிறந்ததிலிருந்தே வெளியாட்கள் தோள்கொடுத்து நிற்கிற அமைப்பு அது. இன்றைக்கு பிரிட்டனின் நர்ஸ் பதிவேட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் படித்தவர்கள்.

சரி, தோழரை ஒதுக்கிவிட்டால் முடிந்ததா? அக்கா மகள் இதில் என்னோடு சண்டைக்கே வருவாள். பெயரை எழுதி ஒட்டிவிட்டு, அந்தத் தோழிக்கு ஒரு மணிநேரம்கூட டியூட்டி அட்டவணையில் ஒதுக்காத இடங்கள் உண்டாம். பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு, அதற்குமேல் இன்னொருத்தியின் கண்ணீரைத் துடைக்க வேண்டும் என்றால் எத்தனை நாள் முடியும்? நல்ல மனசை இலவச உழைப்பாக எடுத்துக்கொள்வது நிர்வாகங்களுக்குக் கைவந்த கலை. அவள் கட்சி நியாயமானது. வாரத்தில் இரண்டு மணிநேரமாவது அந்த வேலைக்கென்று கணக்கில் எழுதட்டும்.

காலத்தையும் தப்பாகக் கணிக்கிறார்கள். முதல் வாரம் துணைக்கு ஆள் இருக்கும். உண்மையில் அப்போது தேவை குறைவு, எல்லாமே புதுசாக, வேடிக்கையாக இருக்கும். ஆள் உடைவது மூன்றாம் மாதம், நான்காம் மாதம். ஆஸ்கி தேறியாயிற்று, பின் நம்பர் வந்தாயிற்று, ஊரில் எல்லோரும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாயிற்று. இனி அழக் காரணம் இல்லை என்கிறபோது வருகிற அழுகைக்கு யாரும் ஆள் ஒதுக்குவதில்லை.

வாட்ஸப் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் கடையில் புளி கிடைக்கும், எந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்பதற்கெல்லாம் அது நல்லது. ஆனால் பரீட்சைக் கேள்வி விற்பனைக்கு என்கிற புரட்டும், யாருக்கோ விசா ரத்தான கதையும் அங்கேதான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும். இருநூறு பேர் இருக்கிற இடத்தில் ஒருவரும் நமக்கென்று இல்லாமல் போவதும் நடக்கும்.

தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ்ப் பெண்ணே துணையாக இருந்தால் நல்லதில்லையா என்று அக்கா கேட்டாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் மாதம் சாதம் பகிர்ந்துகொள்ள, தாய்மொழியில் திட்டித் தீர்க்க ஆள் வேண்டும். ஆனால் அந்த மூலையிலேயே பாய் விரித்துவிட்டால், இரண்டு வருஷம் கழித்தும் ஓய்வறையின் மற்ற மேசைகள் வெளிநாடாகவே இருக்கும். பிலிப்பைன்ஸ்காரியாக அமைந்தது இவளுக்கு அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். இருவருக்கும் அந்நிய ஊர், இருவருக்கும் இரவல் மொழி.

நர்ஸ் வேலைக்குப் போக நினைக்கும் வாசகியருக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனுக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு அரசின் நெறிமுறை. ஒப்பந்தத்தில், இத்தனை மாதத்துக்குள் விலகினால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, அங்கேயும் விசாரியுங்கள். இவற்றோடு, அந்த மருத்துவமனையில் ஒரு வருஷத்துக்கு முன் சேர்ந்த ஒருவரோடு பேச வைக்க முடியுமா என்று கேளுங்கள். தயங்காமல் சரி என்று சொல்கிற இடத்தை நம்பலாம்.

பிரிட்டனில் இப்போது முன்போல ஆள் எடுப்பதில்லை, வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அதனால் துணையின் தேவை கூடித்தான் போயிருக்கிறது என்கிறாள் அக்கா மகள். இவள் போனபோது ஒரே விமானத்தில் பன்னிரண்டு பேர். அழுதாலும் பன்னிரண்டு பேராக அழுதார்கள். இப்போது வருகிறவள் தனியாக வருகிறாள்.

போன வாரம் அப்படி ஒருத்தி வந்திருக்கிறாள், கானா நாட்டுப் பெண். அவளுக்குத் துணையாக இவளைப் போட்டிருக்கிறார்கள். கறாராகப் பேசி அட்டவணையில் வாரம் இரண்டு மணிநேரம் வாங்கிவிட்டாளாம். விமான நிலையத்துக்கு என்ன கொண்டுபோனாய் என்று கேட்டேன். "ஒரு குடை, ஒரு சிம் கார்டு, பிளாஸ்க்குல டீ. அப்புறம், சமையலறைக் கதவைச் சாத்தணும்னு முதல் நாளே சொல்லிட்டேன். நான் தீயணைப்பு வண்டியை வரவழைச்ச கதையையும் சேர்த்து."

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓசூரோ, துபாயோ, டப்ளினோ, அந்நிய ஊரில் முதல் வேலையின் முதல் மாதத்தில் உங்களுக்குத் துணை நின்றவர் யார், சொல்லிக்கொடுத்த ஒரேயொரு சின்ன விஷயம் என்ன என்று ஓர் அஞ்சலட்டை அளவில் எழுதி அனுப்புங்கள். வேறு நாட்டிலிருந்தோ மாநிலத்திலிருந்தோ உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு நீங்கள் துணை நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். அந்த வகைக் கடிதம் குறைவாகத்தான் வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பொய்யாக்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்